தற்குறி முதல் முகக்குறி வரை

காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மண்டபத்துச் சுவர்களில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதை வாசகர்களில் பலர் கண்டிருப்பீர்கள். பரமேச்சுர விண்ணகரம் என்பது அக்கோயிலின் பழம்பெயர். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மனாகிய பல்லவமல்லன் எடுப்பித்தது. வாரிசின்றி நின்ற அரியணைக்குப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைத் தேடி அழைத்து வந்து முடிசூட்டிய கதை அங்கே கல்லில் நிற்கிறது. ஆனால் மணற்கல் தேய்ந்துவிட்டது. கண்ணும் மூக்கும் மழுங்கிவிட்டன. இன்னார் அரசர், இன்னார் தூதுவர் என்று நாம் இன்று சொல்ல முடிகிறதென்றால் அது அம்முகங்களால் அன்று. சில சிற்பங்களை ஒட்டி வெட்டப்பட்ட எழுத்துகளாலும், அவற்றைச் செப்பேட்டுச் செய்திகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்த சி. மீனாட்சி போன்றோரின் உழைப்பாலுமே. அம்மையாரின் ஆய்வு, அவர் மறைந்த பின், 1941-இல் நூலாக வெளிவந்தது.

கல்லில் செதுக்கிய முகம் தன் பெயரைத் தானே சொல்வதில்லை. நம் மேசைமேல் இருக்கும் கணிப்பொறியோ, நாம் எதிரே அமர்ந்த மாத்திரத்தில் நம்மை இன்னார் என்று ஏற்றுத் திரை விலக்குகிறது. எழுத்தும் முத்திரையும் சாட்சியும் செய்து வந்த வேலையை முகம் எப்போது ஏற்றுக்கொண்டது? அந்த ஏற்பாட்டில் நம் கையில் இருப்பது என்ன, கைவிட்டுப் போவது என்ன? இவற்றை வரலாற்றின் வழியே சற்றுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறிந்தவர் நடுவே

காஞ்சியிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள உத்திரமேரூரிலும் வைகுந்தப் பெருமாள் பெயரிலேயே ஒரு கோயில் உண்டு. அதன் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சூதறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தார்கள் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கும் செய்தி. அவ்வளவாகக் கவனிக்கப்படாத செய்தி ஒன்றும் அதில் உண்டு. சிறுவன் எடுத்துக் கொடுக்கும் ஓலையை வாங்கும் மத்தியஸ்தன், ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையிலே வாங்க வேண்டும். வாங்கியதை வாசிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்ற ஐயம் அன்றே இருந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாதுகாப்பு அமைப்பு என்றே இதைச் சொல்லலாம்!

ஓலையில் பெயர் வந்துவிட்டது. பெயருக்குரியவர் இவர்தான் என்பதற்கு அங்கே தனிச்சான்று எதுவும் கேட்கப்படவில்லை. தேவையும் இல்லை. சபையோர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடைய ஒரு சிறு வட்டம் அது. வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களின் பெயர் குடத்துக்குள் போகவேயில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அறியாதவரிடம் போக நேர்ந்தால்தான் அடையாளம் தேவைப்படுகிறது. பல்லவர் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் காளை முத்திரை இருப்பது அதனால்தான். கம்பனின் அனுமன் அசோகவனத்துக்குக் கணையாழியை மட்டும் எடுத்துச் செல்லவில்லை. இராமனும் சீதையும் மட்டுமே அறிந்த நிகழ்ச்சிகள் சிலவற்றையும் மனத்தில் ஏற்றிக்கொண்டே செல்கிறான். கையில் ஒரு பொருள், நெஞ்சில் ஒரு மறைசொல். இன்றைய வங்கிகள் வற்புறுத்தும் இரட்டைச் சரிபார்ப்பு இதுவே. சீதை முதலில் ஐயுறுகிறாள். ஐயுறாமல் என்ன செய்வாள்? தவசியின் முகத்தோடு வந்தவனை நம்பித்தானே அந்த வனத்துக்கு வந்து சேர்ந்தாள்!

தோற்றத்தை நம்பிய தீர்ப்பின் விலையைச் சிலம்பு சொல்லியிருக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே சிலம்பு. உள்ளே ஒன்றில் முத்து, ஒன்றில் மாணிக்கம். உடைத்துப் பார்ப்பதற்குள் கோவலன் தலை விழுந்துவிட்டது. ‘பொருந்துகிறது’ என்று பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

வசவாகிப் போன இரண்டு சொற்கள்

எழுத்தறியாதவர் ஆவணத்தில் இடும் கீறலுக்குத் தற்குறி என்று பெயர். தன் குறி, தற்குறி. அக்கீறல் இன்னாருடையது என்று எழுத்தறிந்த இன்னொருவர் சான்றளிப்பது வழக்கம். காலப்போக்கில், குறிக்குரிய பெயர் குறியிட்டவருக்கே ஆகி, பின் வெறும் வசவாகிவிட்டது. ‘கைநாட்டு’ என்ற சொல்லுக்கும் அதே கதிதான். மனிதனை அடையாளம் காட்டப் பயன்பட்ட இரண்டு சொற்களும் அவனை இழிவு செய்யும் சொற்களாக மாறியது தற்செயல் அன்று. அடையாளம் கேட்பவன் மேலே, காட்டுபவன் கீழே என்ற உறவு அந்தச் சொற்களுக்குள் படிந்திருக்கிறது.

கைநாட்டின் நவீன வரலாறு வங்காளத்தில் தொடங்குகிறது. 1858-இல் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குக் கல் தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதித்துக்கொண்டார். பின்னாளில் பேச்சு மாறிவிடக் கூடாது என்பதே அவர் எண்ணம். 1877-இல் ஹூக்ளியில் ஓய்வூதியம், பத்திரப்பதிவு, சிறை ஆகிய மூன்றுக்கும் விரல்ரேகையைப் புகுத்தினார். 1897-இல் கல்கத்தாவில் ரேகைக் கூடம் ஏற்பட்டது. அங்கு உருவான வகைப்பாட்டு முறைக்கு எட்வர்ட் ஹென்றியின் பெயர் நிலைத்தது. கணக்கை வகுத்த அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவர் பெயரும் அவர் நிழலில் மறைந்தன. 1901-இல் அம்முறை லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போயிற்று.

ஒப்பந்தத்தில் தொடங்கிய ரேகை தமிழ் மண்ணுக்கு விலங்காக வந்தது. குற்றப் பழங்குடிச் சட்டத்தை நம் மக்கள் ‘கைரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். ஒருவர் குற்றம் செய்தாரா என்ற கேள்வியே இல்லை. குறிப்பிட்ட சாதியில் பிறந்தவர் என்றால் ரேகை பதிய வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். காவலர்கள் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல்தான் நீங்கியது.

கோனாயின் உள்ளங்கைக்கும் பெருங்காமநல்லூருக்கும் இடையே அறுபத்திரண்டு ஆண்டுகள். மையும் தாளும் விரலும் மாறவில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை மட்டும் இல்லாமற் போயிற்று. முகத்தின் கதைக்குள் நுழையுமுன் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

அட்டையில் துளை, முகத்தில் புள்ளி

காஞ்சித் தறிகளின் தலைக்குமேல் ஜக்கார்டு பெட்டியிலிருந்து சரம் சரமாகத் தொங்கும் துளையிட்ட அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். துளை உள்ள இடத்தில் கொக்கி எழும். அதனோடு பாவு இழை எழும். அன்னமும் மயிலும் யாளியும் கரையில் விழும். ஓர் உருவத்தை ‘உண்டு, இல்லை’ என்ற இரண்டே சொற்களால் எழுதிவிடலாம் என்பதை உலகுக்குக் காட்டியவை அந்த அட்டைகள்.

மனிதரையும் அப்படி எழுதலாம் என்று கண்டவர் அமெரிக்கரான ஹெர்மன் ஹொலரித். 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் துளையட்டை இயந்திரம் செய்து கொடுத்தவர். அந்த எண்ணம் ரயிலில் பிறந்ததாகப் பிற்காலக் கடிதமொன்றில் அவர் கூறுகிறார். ஒருவர் சீட்டை இன்னொருவர் பயன்படுத்தாதிருக்க, அந்நாளைய நடத்துநர்கள் பயணியின் தோற்றத்தைச் சீட்டிலேயே துளையிட்டுக் குறித்தார்களாம்: முடி கருமையா வெளிறா, கண் எந்நிறம், மூக்குப் பெரிதா சிறிதா... முகத்தைத் துளைகளாக்கும் வேலை கணிப்பொறி பிறக்கும் முன்பே நடந்திருக்கிறது!

கணிப்பொறி வந்தபின் முதலில் முயன்றவர் உட்ரோ பிளெட்சோ. 1960-களின் நடுவில், கலிபோர்னியாவில், ஒருவர் புகைப்படத்தின் மீது கண்ணின் மூலைகள், வாயின் விளிம்புகள் என்று புள்ளிகளைக் கையால் குறிக்க, அவற்றிலிருந்து இருபது தொலைவுகளைக் கணித்து இயந்திரம் ஒப்பிட்டது. மணிக்குச் சுமார் நாற்பது படங்களைக் குறிக்க முடிந்தது. பணம் கொடுத்தது பெயர் வெளியிடப்படாத ஓர் உளவு அமைப்பு. ஆகவே அந்த ஆய்வில் பெரும்பகுதி அன்று அச்சேறவில்லை. 1973-இல் கியோத்தோவில் தகேயோ கனடே மனிதக் கையின் துணையின்றி இயந்திரமே புள்ளிகளைக் காணச் செய்தார். 1991-இல் டர்க், பென்ட்லாண்ட் இருவரும் முகத்தை உறுப்பு உறுப்பாக அளக்காமல் முழுமையாகக் கணக்கில் அடக்கும் வழியைத் தந்தார்கள். 2001-இல் வயோலா, ஜோன்ஸ் முறை வந்தபின், படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கண்ணிமைக்கும் வேலையாயிற்று. ஒளிப்படக் கருவிகளில் முகங்களைச் சுற்றிச் சிறு கட்டம் தோன்றத் தொடங்கியது அதன் பிறகே.

2008 வாக்கில் லெனோவா, ஆசுஸ், தோஷிபா மடிக்கணினிகள் சில முகம் பார்த்துத் திறந்தன. அடுத்த ஆண்டே வியட்நாம் ஆய்வாளர்கள் வெறும் புகைப்படத்தைக் காட்டி அவற்றைத் திறந்து காட்டினார்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்ததால் ஏமாந்த சிலம்பின் கதைதான். 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த ‘விண்டோஸ் ஹலோ’ அகச்சிவப்பு ஒளியில் முகத்தைப் பார்த்தது. தாளும் திரையும் அவ்வொளியில் உயிருள்ள முகம்போல் தோன்றுவதில்லை. தவறான ஒருவரை ஏற்கும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வகுத்த அளவு. ஆயினும் 2017 இறுதியில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அகச்சிவப்பிலேயே எடுத்த படத்தை அச்சிட்டு, புதுப்பிக்கப்படாத கணினிகளை ஏமாற்றினார்கள். 2021-இல் ஒளிப்படக் கருவிபோல் நடிக்கும் யு.எஸ்.பி. கருவி ஒன்றால் வாசல் திறந்தது. அவ்வாண்டு ஜூலையில் திருத்தம் வந்தது. பூட்டும் திருடனும் சேர்ந்தே வளர்கிறார்கள் என்பது பூட்டு செய்தவர்கள் என்றும் அறிந்த உண்மை.

இரண்டு கேள்விகள்

இயந்திரம் முகத்தைப் பார்த்துக் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு. ‘இவர் இன்னார்தானா?’ என்பது ஒன்று. ‘இவர் யார்?’ என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு ஒரே ஒரு முகக்குறிப்பு போதும். இரண்டாம் கேள்விக்கு ஊரார் முகமெல்லாம் ஓரிடத்தில் திரட்டப்பட்டிருக்க வேண்டும். முதலாவது வாசற்படியில் கேட்கப்படுவது. இரண்டாவது தெருவில் போவோரை நோக்கிக் கேட்கப்படுவது.

நம் கணிப்பொறி கேட்பது முதற்கேள்வியைத்தான். விண்டோஸ் ஹலோ நம் புகைப்படத்தைச் சேமிப்பதில்லை, முகத்திலிருந்து கணித்த எண்களின் தொகுப்பை மறையாக்கம் செய்து அந்தக் கணினிக்குள்ளேயே வைக்கிறது, வெளியே அனுப்புவதில்லை. வீடும் நம்முடையது, பூட்டும் நம்முடையது, சாவியும் நம்முடையது. ஹெர்ஷல் தொடங்கி எழுதப்பட்ட அடையாள வரலாற்றில் இப்படிப்பட்ட ஏற்பாடு அரிது. அதனாலேயே அதன் அமைப்புகளை நாம் அறிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறோம்.

‘அமைப்புகள்’ பகுதியில் ‘கணக்குகள்’, அதனுள் ‘உள்நுழைவு விருப்பங்கள்’. முகத்தைப் பதியுமுன் இயந்திரம் பின் எண் ஒன்றைக் கேட்கும். இது வீண் சடங்கன்று. முகம் ஏற்கப்படாத நாளில் உள்ளே செல்லும் வழி அதுவே. ஆகவே பிறந்த ஆண்டையோ ஒன்று இரண்டு மூன்று நான்கையோ அங்கே வைப்பது, முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லையைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். கண்ணாடி அணிபவர்கள், தாடி வளர்ப்பவர்கள், மொட்டையடித்துக்கொண்டு வந்தவர்கள் ‘அறிதலை மேம்படுத்து’ என்ற இடத்தில் இன்னொரு முறை முகம் காட்டினால் போதும். முகத்தைக் கண்டதும் பூட்டுத்திரை தானாக விலக வேண்டுமா என்பதற்குத் தனி விருப்பம் உண்டு. பிறர் வந்துபோகும் கடையிலும் அலுவலகத்திலும் அதை அணைத்து வைப்பதே நல்லது. வேறு வேலையாகத் திரைமுன் வந்து நின்றதற்காகக் கணக்கேடு திறந்துகொள்ள வேண்டியதில்லை. எழுந்து சென்றால் எப்போது மீண்டும் பூட்ட வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ‘நீக்கு’ என்ற பொத்தான். அதை அழுத்தினால் அந்தக் கணினியில் உள்ள முகக்குறிப்பு அழிந்துவிடும். கணினியை விற்கும்போதும், பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும், பணியிலிருந்து விலகும்போதும் மறவாமல் செய்ய வேண்டியது அது. பெருங்காமநல்லூரில் இல்லாதிருந்த பொத்தான் அதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

காஞ்சியில் பல வீடுகளிலும் கடைகளிலும் ஒரே கணினிதான் எல்லாருக்கும். தந்தையின் புதிய முந்தானை வடிவமும் மகளின் கல்லூரிக் கட்டுரையும் கடையின் கொடுக்கல் வாங்கலும் அதில் ஒன்றாகக் கிடக்கும். வடிவம் என்பது இத்தொழிலில் சொத்து. வெளியே போனால் மறுமாதமே விசைத்தறியில் மலிவாக இறங்கிவிடும். ஆளுக்கொரு பயனர் கணக்கு, கணக்குக்கு ஒரு முகம் என்று பிரித்துவைத்தால் சந்தேகமும் சச்சரவும் குறையும்.

தெருவில் கேட்கப்படும் கேள்வி

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வாசற்படியில் பழகிய கூச்சமின்மை தெருவுக்கும் வந்துவிடுகிறது.

ஆதார் ஆணையம் 2009-இல் அமைந்தது. 2010 செப்டம்பரில் முதல் எண் வழங்கப்பட்டது. பத்து விரல், இரு விழி, ஒரு முகம் ஆகிய அனைத்தும் ஒரு மையத்தில் சேர்ந்தன. இதனால் நன்மை இல்லை என்று நாம் சொல்லவில்லை. பட்டிழையோடும் சாயநீரோடும் வாழ்நாளைக் கழித்த விரலில் ரேகை மங்கிப்போகலாம். நியாயவிலைக் கடையின் கருவி அந்த விரலை ஏற்க மறுக்கும்போது அரிசி நின்றுவிடலாகாது. ஓய்வூதியர் உயிரோடிருப்பதை வீட்டிலிருந்தே கைபேசியில் முகம் காட்டி மெய்ப்பிக்கும் வசதி 2021 நவம்பரில் வந்தது. நடக்க முடியாத ஒரு முதியவருக்கு அது பேருதவி. தற்குறி என்ற வசவுக்கு இடமில்லாத முதல் அடையாளம் முகம் என்றும் சொல்லலாம். எழுதத் தெரியாதவருக்கும் முகம் உண்டு.

ஆனால் 2021-லேயே தமிழ்நாட்டுக் காவல்துறையின் முகமறி மென்பொருளும் செயலுக்கு வந்தது. அது கேட்பது இரண்டாம் கேள்வியை: ‘இவர் யார்?’ 2024 மே மாதத்தில் அந்த வலைவாசலின் ஒரு கணக்குடைய கடவுச்சொல் களவு போனதாகச் செய்தி வந்தது. பல்லாயிரம் முகங்கள் திரண்ட களஞ்சியத்தைத் திறந்தது முகம் அன்று, ஒரு பழைய கடவுச்சொல்! கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகம் களவு போனால் என்ன செய்வது?

சட்டமும் இதில் ஒரு கோடு கிழித்திருக்கிறது. ஒருவரின் ரேகையைக் கட்டாயமாகப் பெறுவது அவரைத் தமக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைப்பதாகாது என்று உச்ச நீதிமன்றம் 1961-இல் தீர்ப்பளித்தது. உடற்குறி வேறு, உள்ளத்தில் இருப்பது வேறு என்பது அதன் அடிப்படை. பெருங்காமநல்லூர் நிகழ்ந்த அதே 1920-இல் இயற்றப்பட்ட கைதிகள் அடையாளச் சட்டம் 2022-இல் விடைபெற்றது. அதன் இடத்துக்கு வந்த சட்டம் விழியையும் சேர்த்துக்கொண்டது, பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் இடம் தந்தது. இன்னொரு பக்கம், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்தது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இரு கயிறுகளும் இழுபட்டுக்கொண்டிருக்கின்றன.

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு என்பது நாம் அறிந்ததே. அரசவையில் ஒன்று, காதலில் ஒன்று. முகத்தைப் படிப்பதென்றால் வள்ளுவருக்கு அகத்தைப் படிப்பது. இயந்திரம் அகத்தைப் படிப்பதில்லை, அளவைத்தான் படிக்கிறது. விருப்பத்தோடு காட்டிய முகமும் வலிந்து திருப்பப்பட்ட முகமும் அதற்கு ஒன்றே. அந்த வேறுபாட்டை அறிந்து காக்க வேண்டியவர்கள் மனிதர்களாகிய நாம்தான்.

ஆகவே நாம் சொல்ல விரும்புவது இதுவே: முகத்தைக் கேட்கும் எந்த வாசலிலும் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்போம். குறிப்பு எங்கே இருக்கிறது? முகம் இல்லாமல் உள்ளே செல்ல வேறு வழி உண்டா? வேண்டாம் என்றால் நீக்க முடியுமா? வீட்டுக் கணிப்பொறி இம்மூன்றுக்கும் விடை சொல்கிறது. பள்ளி, அலுவலகம், அங்காடி, அரசு ஆகியவை வைக்கும் கருவிகளும் அதே விடையைச் சொல்லியாக வேண்டும். உத்திரமேரூர்ச் சபை தன் மத்தியஸ்தனிடம் கேட்டதும் இதைத்தான்: விரலை அகல விரி, உள்ளங்கையைக் காட்டு.